இடது கண்ணில் குடிவந்தவர்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. முதலில் வீங்கியது கண்ணா, முதலில் கோணியது கதவா என்று கேட்டால் அந்தக் குடும்பத்திலேயே ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். மனைவி ஒரு வரிசை சொல்வாள். மைத்துனன் அதைத் தலைகீழாக்குவான். கண்ணுக்குச் சொந்தக்காரர் சொன்ன வரிசையில்தான் நான் சொல்லப்போகிறேன். அவரும் பாதி நேரம் பேசாமல்தான் இருந்தார் என்பதால், இடைவெளிகளை நானாக நிரப்பியிருக்கலாம்.

மரப்பட்டறைக்காரரான அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு சட்டத்தைத் தூக்கி, அதன் முனையைக் கன்னத்தோடு ஒட்டி, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் விளிம்பு நெடுகப் பார்ப்பார். மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவார். பிறகு, "நடுவுல ஒரு மயிரிழை தூக்குது" என்பார். தூக்கத்தான் தூக்கும். மட்டம் பார்க்கும் நிஜமான ரசமட்டக் கருவி சுவரில் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருக்கும்.

மைத்துனனுக்குப் பட்டறையில் அவசரம் என்று பெயர். அறுப்பு, இழைப்பு எல்லாம் அவன் பொறுப்பு. சாப்பாட்டில் அவசரம், பேச்சில் அவசரம்; வட்ட ரம்பத்தின் முன்னாலும் அதே அவசரம். அவன் மெஷினைப் போட்டால் போதும், ரசமட்டம் கையிலிருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து, இமைக்காமல் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். மெஷின் நின்ற பிறகுதான் அவருக்கு எச்சில் இறங்கும்.

"மாமா, நீங்க பாக்குற பார்வையிலதான் எனக்குக் கை நடுங்குது" என்பான் அவன்.

"நடுங்கட்டும். நடுங்குற விரல் இருக்கேன்னு சந்தோஷப்படு."

மூன்றாவது ஆள் மனைவி. மெருகு பூசுவது அவள் வேலை. கடைசியாகக் கை வைப்பவள் என்பதால் மற்ற இருவர் செய்த தப்பும் அவள் கண்ணில்தான் விழும். அதை அவள் மனதில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் கிடையாது; உடனே சொல்லிவிடுவாள். நாலாவதாக ஒரு நாய். மரச்சீவல் குவியலில் படுத்தே வளர்ந்ததால் அதற்குச் சீவல் என்று பெயர்.

தையல்கடைக்காரர் ஒருவருக்குக் கதவு செய்துகொண்டிருந்த நேரத்தில் ரசமட்டத்தின் வலது கண்ணில் கட்டி வந்தது. இமை புடைத்து முக்கால் கண்ணை மூடிவிட்டது. கடையோ திறக்கும் தறுவாயில் இருந்தது. சரி, இன்னொரு கண் சும்மாதானே இருக்கிறது என்று அவர் சட்டத்தைத் தூக்கி இடது கன்னத்தில் வைத்தார்.

பார்த்தார். இறக்கினார். மறுபடியும் தூக்கிப் பார்த்தார்.

"மாப்ள, என்னடா இழைச்சிருக்க? பாம்பு மாதிரி நெளியுது."

அவசரம் வந்து தானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "நேராத்தானே இருக்கு மாமா."

"உனக்கு எது நேராத் தெரியல. இங்க தூக்குது, இங்க அமுங்குது. எடு இழைப்புளிய."

அவன் எடுத்தான். அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் இழைத்தான். ஒவ்வொரு தடவையும் அவர் பார்த்துவிட்டு, "இப்ப வேற இடத்துல தூக்குது" என்றார். அவன் எதிர்த்துப் பேசவில்லை. இவ்வளவு காலம் அந்தக் கண் சொன்னது தப்பியதில்லை. கண்ணில் வலது, இடது என்று இரண்டு உண்டு என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. மனைவி மெருகுத் துணியோடு வந்தவள் கதவை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். "இதென்ன, இடுப்பு வச்ச மாதிரி இருக்கு?" என்றாள். கண் வலியில் இருந்தவர், "உன் வேலையப் பாரு" என்றுவிட்டார். அது அவருக்கு வழக்கமில்லாத பேச்சு. அவளும் வழக்கமில்லாமல் பதில் சொல்லாமல் மெருகு பூசினாள்.

கதவைக் கொண்டுபோய்க் கடை வாசல் நிலையில் மாட்டினார்கள். மேலே இடித்தது; நடுவில் உள்ளங்கை நுழையும் அளவு சந்து. தையல்கடைக்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்று நிதானமாகப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு கால் நீளமாவும் ஒரு கால் குட்டையாவும் நான் கால்சட்டை தைச்சா, போடுறவரு என்ன பண்ணுவாருன்னு நினைக்கிறீங்க?"

அவசரம், "ஒரு பக்கமா சாஞ்சு நடப்பாரு" என்றான். மாமா திரும்பிப் பார்த்ததும் கதவைக் கழற்ற ஆரம்பித்தான்.

பட்டறைக்கு வந்ததும் மனைவி ஒரு நூலை எடுத்துக் கதவின் விளிம்பில் இழுத்துப் பிடித்தாள். விளிம்பு நூலைத் தொட்டும் விலகியும் போயிற்று. அவர் குனிந்து இடது கண்ணால் பார்த்தார். அந்தக் கண்ணுக்கு விளிம்பு நேராக இருந்தது. நூல்தான் வளைந்திருந்தது.

இழுத்துப் பிடித்த நூல் வளையாது. அது அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் அவர் வெகுநேரம் குனிந்தே நின்றார். நாயும் எழுந்து வந்து, அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்த்தது.

"நிமிருங்க" என்றாள் மனைவி. வீங்கிய கண்ணை அவளே தன் கையால் பொத்தினாள். "என்னப் பாருங்க. என்ன தெரியுது?"

"நீதான்."

"முழுசாவா?"

அவர் யோசித்தார். "உன் மூக்கு எங்க?"

"அது இருந்த எடத்துலதான் இருக்கு."

"அங்க புகை மாதிரி இருக்கு. சுத்தி எல்லாம் தெரியுது. காது, தோடு, அந்தச் சுவரு எல்லாம். நடுவுலதான் நீ இல்ல."

அவசரம் சிரிக்க வாயெடுத்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

எப்போதிலிருந்து இப்படி? அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கண்ணைத் தனியாகத் திறந்து எதையாவது பார்த்த ஞாபகமே இல்லை. வேலை என்றால் அதை மூடுவார். வேலை இல்லாதபோது அது வலது கண்ணோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். வலது கண் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கட்டி வற்றுவதற்குள்ளேயே மூவரும் கண் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார்கள். விழித்திரை பார்க்கும் டாக்டரம்மா குறைவாகப் பேசுகிறவர். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்துப் பார்த்தார், படம் எடுத்தார், சில நாள் கழித்து வரச்சொல்லி மறுபடியும் எடுத்தார். இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிவந்த வட்டத்தில் சாம்பல் வெள்ளையாய்ச் சின்னச்சின்னப் புள்ளிகள்.

"போன தடவை புள்ளி இங்க இருந்துச்சு. இப்போ அதெல்லாம் மங்கிடுச்சு, புதுசா இங்க வந்திருக்கு. அப்படின்னா உள்ள ஏதோ ஒண்ணு நடமாடுது."

"ஏதோ ஒண்ணுன்னா?" என்றாள் மனைவி.

"புழுவாத்தான் இருக்கணும். ரெட்டினான்னு சொல்ற விழித்திரை ரொம்ப மெல்லிசு. அதுக்கு அடியில ஊர்ந்துக்கிட்டிருக்கு."

ரசமட்டம் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "பலகை மேல மெல்லிசா ஒரு மரத்தாள் ஒட்டுவோம் டாக்டர். அதுக்குக் கீழ பூச்சி போற மாதிரியா?"

"அதே மாதிரிதான். அது ஊர்றதோட விட்டா பரவால்ல. போற வழியெல்லாம் கழிவ விட்டுட்டுப் போகுது. அந்த விஷத்துல விழித்திரை வீங்கும். வீங்குன திரை மேடும் பள்ளமுமா ஆயிடும். அதுல நேர்கோடு விழுந்தா நெளிஞ்சுதான் தெரியும்."

"அப்போ கதவு நேராத்தான் இருந்திருக்கு" என்றான் அவசரம். "நான் சொன்னேனா இல்லையா?"

"சும்மா இருடா."

"வீங்குன எடம் அப்புறம் செத்துப்போகும்" என்று டாக்டரம்மா தொடர்ந்தார். "அங்க வெளிச்சம் விழுந்தாலும் சேதி மூளைக்குப் போகாது. நடுவுல புகை மாதிரி தெரியுதுன்னீங்களே, அது அந்த எடம். அது திரும்பாது, பொய் சொல்ல விரும்பல. சுத்தி இன்னும் நல்லா இருக்கு. அதைக் காப்பாத்தலாம். ஆனா புழுவைக் கண்ணால பாத்தாத்தான் லேசர் வச்சுச் சுட முடியும். மாத்திரையும் இருக்கு. அது வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். ஆளைப் பாத்துச் சுடுறதுதான் நிச்சயம். நாள் ஆக ஆக அது தின்னுக்கிட்டே போகும்."

எப்படி வந்தது என்ற கேள்விக்கும் பதில் இருந்தது. நாய், பூனை வயிற்றுப் புழுவின் முட்டை மண்ணிலும் தூசியிலும் கிடக்கும். கழுவாத கையோடு சாப்பிட்டால் உள்ளே போகும். அங்கே பொரிந்து ரத்தத்தோடு ஊர் சுற்றும். பெரும்பாலும் வழியிலேயே செத்துவிடும். எப்போதாவது ஒன்று கண்ணுக்கு வந்து சேரும். எந்த மிருகம், எப்போது என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒரு கண்ணோடு நிற்கும்.

மனைவி கணவரைப் பார்த்தாள். கை கழுவுங்கள் என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அவசரம், "ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும் மாமா. ஊர்ல இவ்வளவு கண்ணு இருக்கும்போது உங்க கண்ணத் தேடி வந்திருக்கு பாருங்க. நல்ல மரமாப் பாத்துத்தான் நுழைஞ்சிருக்கு" என்றான்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் அதற்குக் குடித்தனக்காரர் என்று பெயர். "குடித்தனக்காரர் எப்படி இருக்காரு?" என்று காலையில் மனைவி கேட்பாள். "சுவரெல்லாம் அழுக்குப் பண்ணிக்கிட்டு சுகமா இருக்காரு" என்பார் அவர். ஆனால் தனியாக இருக்கும்போது வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். புகை கொஞ்சம் பரவியிருக்கிறதா, இல்லை மனம்தான் பரப்புகிறதா என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுவார்.

குடித்தனக்காரரைப் பிடிக்கும் வேலையில்தான் சிக்கல் வந்தது. கண்டவுடன் சுட்டாக வேண்டும் என்பதால் லேசர் பொருத்திய கருவியிலேயே வைத்துத் தேடினார் டாக்டரம்மா. தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, வலது கண்ணால் எதிரே இருக்கும் சிவப்புப் புள்ளியைப் பார்க்க வேண்டும். ரசமட்டம் தாடையை வைத்தார். இடது கண் மூடிக்கொண்டது.

"தொறங்க."

திறந்தார். தாடையை வைத்தார். மூடிக்கொண்டது.

கன்னத்தை எதிலாவது வைத்து வலது கண்ணால் எதையாவது குறிபார்த்தால் இடது கண் மூட வேண்டும் என்று ஒரு வாழ்நாள் முழுக்கப் பழக்கியிருந்தார்; இப்போது அது எஜமான விசுவாசத்தைக் காட்டியது. டாக்டரம்மா இமையை விரலால் பிடித்தார். விழி மேலே ஓடி ஒளிந்துகொண்டது. மரத்துப்போக மருந்து விட்டுக் கண்மேல் கண்ணாடி வில்லையை வைத்தார். இமை அதை நெருக்கித் துப்பியது. அடுத்த தடவையும் அப்படியே. அந்தக் கருவிக்கு முன்னால் குழந்தைகள்கூட இவ்வளவு படுத்தியதில்லை என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். மாத்திரையைத் தொடங்கிவிட்டு, வீட்டில் பழகிக்கொண்டு வரச்சொன்னார்.

வீட்டில் பழகினார்கள். மேஜை விளிம்பில் தாடையை வைத்து, எதிர்ச் சுவரில் இருந்த ஆணியைப் பார்க்க வேண்டும். மனைவி பக்கத்தில் மெருகுத் துணியோடு உட்கார்ந்திருப்பாள். கண் மூடினால் தோளில் ஒரு அடி.

"மறுபடியும் மூடிட்டீங்க."

"நான் மூடல. அதுவா மூடுது."

"அதுக்கு நீங்கதானே முதலாளி?"

"இந்த வீட்ல என் பேச்ச யாரு கேட்டா, கண்ணு மட்டும் கேக்குறதுக்கு?"

அடி விழுந்தது. அது கண்ணுக்கா பேச்சுக்கா என்று அவர் கேட்கவில்லை.

பழகப் பழக அவருக்கு அந்தக் கண்ணின் மேல் ஒரு இரக்கம் வந்தது. நல்ல பலகை, நல்ல விளிம்பு என்று எதைக் கையில் எடுத்தாலும் அதை மூடிவைத்துவிட்டுத்தான் பார்த்திருக்கிறார். ஒரு வேலையும் தந்ததில்லை. இப்போது திற திற என்றால் அது எதை நம்பித் திறக்கும்? இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவசரம் அதை ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான்.

மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் டாக்டரம்மா புதிதாகப் படம் எடுத்துப் பார்த்தார். புள்ளிகள் மேல் ஓரத்துக்குப் போயிருந்தன. "மாத்திரைக்கு மசிஞ்ச மாதிரி தெரியல. இன்னைக்குப் பாத்தே ஆகணும். நீங்க மேல பாத்தாத்தான் எனக்கு அந்த எடம் தெரியும். மேல பாக்கணும், கண்ணு தொறந்திருக்கணும், அசையக் கூடாது."

லேசர் அறை சின்னது. விளக்கைக் குறைத்துவிட்டார்கள். ஒரு பக்கம் நாற்காலியில் மனைவி. டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்ற அவசரத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. அவன் சும்மா நின்றால் ஆபத்து என்பது அந்த அறையில் ரசமட்டத்துக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

தாடையை வைத்தார். மருந்து விழுந்தது. இமை துடித்தது. வில்லை ஒரு தடவை கீழே விழுந்து, மறுபடியும் கண்ணில் ஏறியது. "மேல பாருங்க" என்றார் டாக்டரம்மா. மேலே பார்த்தார், இடது கண் மூடப் போயிற்று. அந்த நேரத்தில் வலது கண்ணில் அது பட்டது.

சுவரோரத்தில் மேலே திரைச்சீலை தொங்கும் கம்பி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. திருகாணி கழன்றிருக்க வேண்டும். அவசரம் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துவிட்டான். சக்கரம் வைத்த முக்காலி ஒன்றைக் காலால் நகர்த்திக்கொண்டு, அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தான்.

ரசமட்டத்தின் இரண்டு கண்களும் அகலத் திறந்தன.

முக்காலி லேசாக உருண்டது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, மறுகாலில் நின்றான். ரசமட்டத்தால் கத்த முடியவில்லை. வாயைத் திறந்தால் தாடை அசையும். மூச்சையும் விடவில்லை.

"அப்படியே" என்றார் டாக்டரம்மா. குரல் மாறியிருந்தது. "என்ன செஞ்சீங்கன்னு தெரியல. அதையே செஞ்சுக்கிட்டிருங்க."

மனைவி திரும்பிப் பார்த்தாள். பார்த்ததும் எழுந்தாள்.

"யாரும் அசையாதீங்க" என்றார் டாக்டரம்மா, திரும்பாமலே. "தெரியுது. வெள்ளையா, சுருண்டு… நெளியுது."

முக்காலியின் மேலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "டாக்டர், நான் எறங்கவா?"

டாக்டரம்மாவுக்கு அவன் எங்கே நிற்கிறான் என்பதே தெரியாது. ஆனால் அந்தக் குரல் வந்த திசைக்குத்தான் தன் முன்னாலிருக்கும் கண் நிலைகுத்தியிருக்கிறது என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "தம்பி, நீ எங்க நின்னாலும் அங்கயே நில்லு."

அவன் நின்றான். மனைவி ஓசைப்படாமல் இரண்டு எட்டு வைத்து முக்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இடது கண்ணுக்குள் பச்சையாக ஒரு மின்னல் வெடித்தது. இன்னொன்று. தொடர்ந்து பல. ரசமட்டம் இமைக்கவில்லை. அவருக்கு அந்த வெளிச்சம் ஒரு பொருட்டாகவே இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது கம்பியைப் பிடித்திருந்த மைத்துனனின் விரல்களை.

"அசையல" என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தார். "இனிமே அசையாது. முடிஞ்சுது."

கருவியின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ள" என்றார் ரசமட்டம், தாடையை எடுக்காமலே. "எறங்குடா."

அவன் இறங்கினான். கம்பியும் திரைச்சீலையும் கூடவே இறங்கின. டாக்டரம்மா அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். துணிக் குவியலுக்குள் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் கையில் திருப்புளி. அதிகம் பேசாத அந்த அம்மாள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"உனக்கு அறிவிருக்காடா?" என்றாள் மனைவி.

"இருந்தா குடித்தனக்காரரு இந்நேரம் காலி பண்ணியிருப்பாராக்கா?"

அவள் அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு எழுந்து வந்து கணவரின் பக்கத்தில் நின்றாள். அவர் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் புகை அப்படியே இருந்தது. அதைச் சுற்றி அறை இருந்தது. ஜன்னல் ஓரம், நாற்காலியின் கால், அவளுடைய கை. நாளைக்கும் இவை இருக்கும் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பு போதுமானதாக இருந்தது.

இடது கண்ணின் நடுப்பார்வை திரும்பவில்லை. சுற்றுப்பார்வை அதற்குமேல் குறையவும் இல்லை. வலது கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடாததால் ரசமட்டம் ஓங்கி உளி அடிக்கும் வேலையை விட்டுவிட்டு, குறிபோடுவதையும் பார்ப்பதையும் மட்டும் கடைசிவரை செய்தார். தையல்கடைக்காரருக்கு வேறு கதவு போயிற்று. மனைவி பட்டறை வாசலில் தண்ணீர்க் குழாய் போடவைத்தாள். கை கழுவாதவர்களுக்குச் சாப்பாடு இல்லை என்பதில் அவள் கண்டிப்பாக இருந்தாள். நாய்க்குக் காலாகாலத்தில் புழு மருந்து கொடுத்தார்கள். அது நெடுநாள் இருந்து, முதுமையில் செத்தது. டாக்டரம்மா வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அவசரம் கல்யாணம் செய்துகொண்டு அடுத்த தெருவில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். விரல்கள் எல்லாம் இருக்கின்றன.